கரண்டியை வாயில் வைக்காத பதினாறு நாட்கள்

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நீங்கள் ஆறு பேர் எங்கள் ஆலை வாசலில் நிற்பீர்கள். தொப்பி, பூட்ஸ், பயிற்சிப் பதிவேடு மூன்றையும் தருவார்கள். தொப்பி பெரிதாக இருக்கும், பூட்ஸ் சிறிதாக இருக்கும். பதிவேடு மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு.

உங்கள் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியை, புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும்படி நாலைந்து பக்கம் எழுதித் தரச் சொன்னார். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள். எனக்கு முப்பத்துமூன்று வயது. நான் இந்த ஆலையில் செயன்முறை இயக்குநராகி, அதாவது ஒப்பரேற்றராகி, நான்கு வருடங்கள்தான். அதனால் முதலில் மறுத்தேன், பிறகு சம்மதித்தேன், பிறகு ஏன் சம்மதித்தேன் என்று ஒரு கிழமை யோசித்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் கிழித்துப் போட்டிருக்கிறேன். பெருமையாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சொல்ல வேண்டிய ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் சரியாக வராது.

மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் ஆலை, திரும்ப மூன்று மாதம் வகுப்பு, திரும்ப ஆலை. உங்களுக்கும் அதே முறைதான். கல்லூரியில் படித்ததை ஆலையில் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு வேலையையும் தனியாகச் செய்யக்கூடியவர் என்று ஷிப்ட் பொறுப்பாளருக்குத் திருப்தி வந்தால், பதிவேட்டில் அந்த வேலைக்குரிய கட்டத்தில் கையெழுத்து வைப்பார். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் நிரந்தர வேலை.

நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது முடிந்திருந்தது. என்னோடு வந்தவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள். பயிற்சியின் நடுவில் எனக்கு மகள் பிறந்தாள். மூன்று மாதத் தவணை ஒன்றை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கணவருக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். எட்டு மாதப் பிள்ளையை உடுப்பிட்டியில் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் ஆலைக்கு வருவேன். பாதி வழியில் பால் போத்தலின் மூடியை இறுக்கினேனா என்று யோசனை வரும். நிறுத்தி அம்மாவுக்கு அழைப்பேன். மூடி எப்போதும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

என்னுடைய ஷிப்ட் பொறுப்பாளர் என்னை விட நான்கு வயது இளையவர். உரும்பிராயில் வெங்காயம் செய்கிற குடும்பம், நெற்றியில் திருநீறு அழியாமல் முதல் பஸ்ஸில் வருவார். இதே பயிற்சியில் படித்து எனக்கு முன்னரே வேலைக்கு வந்தவர். நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டேன், அவர் என்னை அக்கா என்றார். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் கிழமை நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். தம்பி தாங்கியின் அடி வால்வைப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். பத்து அடி நடந்து திரும்பிப் போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. மேலே ஏறிய பிறகு திரும்ப இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் பம்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, முதல் தரம் வால்வைப் பாத்தனீங்கள். ரெண்டாந்தரமும் வால்வைத்தான் பாத்தனீங்கள். மூண்டாந்தரம் பாத்தது உங்களை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் ஒரு வேலை செய்தது. அடுத்த தடவை ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் வாயைத் திறக்க முன்னர், இதுவும் மூன்றாந்தரமோ என்று என்னையே கேட்கத் தொடங்கினேன்.

எங்கள் ஆலையில் கருப்பநீர் போத்தலில் அடைக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். பனையிலிருந்து இறக்கும் சாறு சும்மா நிற்காது. முட்டியில் விழுந்த நிமிடத்திலிருந்தே புளிக்கத் தொடங்கும், சில மணித்தியாலத்தில் கள்ளாகிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிக்காமல் இனிப்பாக நிற்கும். அதுதான் கருப்பநீர், பேச்சில் கருப்பணி. பனையேறும் சீவல் தொழிலாளர்கள் அதைக் காலையில் மோட்டார் சைக்கிளிலும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்திலும் வெள்ளைக் கலன்களில் கொண்டு வருவார்கள். நாங்கள் வாங்கி, சுண்ணாம்பை நீக்கி, தாங்கியில் நிறுத்தி, போத்தலில் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்குகிறோம்.

வாசலில் கலன் வாங்கும் இடத்தில் இரண்டு சோதனைகள். ஒன்று மீற்றர். கலனுக்குள் விட்டால் காரத்தன்மை எவ்வளவு என்று இலக்கம் காட்டும், சுண்ணாம்பு போதுமா என்று தெரியும். மற்றது நாக்கு. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டு, பின்நாக்கில் கொஞ்சம் நிறுத்தி, வடிகானில் துப்பிவிட்டு, தாளில் 'சுவை' என்ற கட்டத்தில் சரி போட வேண்டும். ஏன் இரண்டும்? சாறு புளிக்கத் தொடங்கிய பிறகு சுண்ணாம்பு போட்டாலும் மீற்றர் நல்ல இலக்கம்தான் காட்டும். மீற்றருக்குச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று தெரியும், எப்போது போட்டது என்று தெரியாது. நாக்குக்குத் தெரியும். பின்நாக்கில் ஒரு சின்ன எரிவு, மூக்குக்குள் ஏறும் ஒரு வாசம். அதை ஒரு தரம் உணர்ந்தால் பிறகு மறக்காது.

முதல் இரண்டு நாளும் தம்பி பக்கத்தில் நின்றார். நான் வாயில் வைத்தேன். ஒரு கலனில் அந்த எரிவு இருந்தது, கண்டுபிடித்துச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் அவர் தராசுப் பக்கம் போய் நின்றுகொண்டு என்னைத் தனியே விட்டார்.

மூன்றாம் நாள்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கும்போது, காலையில் வாயில் வைத்த அந்தப் புளித்த கலன் நினைவுக்கு வந்தது. துப்பியதுதான், வாயும் கொப்பளித்ததுதான். என்றாலும் கொஞ்சம் உள்ளே போயிருக்குமோ, பாலில் கலந்திருக்குமோ? இன்னொன்றும் இருந்தது. நாங்கள் மெதடிஸ்த குடும்பம். ஞாயிறு பாடசாலையில் பத்து வயதில், மதுவைத் தொடமாட்டேன் என்று ஒரு அட்டையில் கையெழுத்து வைத்தவள் நான். அந்த அட்டை இன்றும் அம்மாவின் வேதாகமத்துக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அம்மாவுக்கு நான் வேலை செய்யும் இடத்தைக் 'குளிர்பான ஆலை' என்றுதான் சொல்லியிருந்தேன்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கட்டத்தில் கையெழுத்து வைக்கமாட்டார் என்று பயந்தேன். அந்த மாத முடிவுக்குள் நிரப்ப அந்த ஒரு கட்டம்தான் எனக்கு மிச்சம் இருந்தது.

ஆகவே கரண்டியைக் கலனுக்குள் விட்டேன், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன், கான் பக்கம் திரும்பி ஊற்றினேன். மீற்றரின் இலக்கத்தைப் பார்த்துச் சரி போட்டேன். அன்று முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் குறைவாக அடித்தது. ஒரு கிழமைக்குப் பிறகு கரண்டி முகத்துக்குக் கிட்டக்கூட வரவில்லை. பதினாறு நாட்கள். பூட்டிய வால்வை மூன்று தரம் போய்ப் பார்க்கிறவள், சரி என்று போட்ட ஒன்றை ஒரு தரமும் பார்க்கவில்லை. பதறுகிறவள் கவனமானவள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காலையில் பன்னிரண்டு கலன்கள் வந்தன. மூன்றாவது கலனில் நிற்கும்போது அம்மா அழைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் காய்கிறது, பனடோல் எவ்வளவு கொடுக்கிறது என்று. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு மீற்றரை விட்டேன், எடுத்தேன், எழுதினேன். பன்னிரண்டு கலனுக்கும் பன்னிரண்டு சரி. தாளின் கீழே தம்பியும் கையெழுத்து வைத்தார்.

பத்து மணிக்கு மேல் தாங்கியின் கண்ணாடிச் சாளரத்தில் நுரை தெரிந்தது. வழக்கமாக ஒரு விரல் அளவு இருக்கும், அன்று அதைவிடக் கூட இருந்தது. பார்த்தேன். திரும்ப வந்து பார்த்தேன். மூன்றாந்தரம் பார்த்தபோது தம்பியின் அந்தப் பகிடி நினைவுக்கு வந்தது. இதுவும் நான் என்னைப் பார்ப்பதுதான் என்று முடிவு செய்து, ஒருவரிடமும் சொல்லாமல் போத்தல் அடைக்கும் பக்கம் போய்விட்டேன்.

போத்தல்கள் நிரம்பி, மூடி அடித்து, பெட்டி பெட்டியாக வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கின. மேல் மூடியைப் போட்டு ஆவியைத் திறந்தேன். சூடு ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு சத்தம். சின்னப் பட்டாசு மாதிரி. பிறகு இரண்டு சேர்ந்து. மூடியின் ஓரத்தால் தண்ணீரும் கண்ணாடித் துண்டுகளும் தெறித்தன. தாங்கி கழுவும் வேலை செய்கிற மலரக்கா தும்புத்தடியோடு, நீளப் பிடி போட்ட துடைப்பத்தோடு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான் குளிர்நீர் வால்வுக்கு ஓடினேன். சூட்டைக் குறைக்க வேண்டும், அது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

தம்பி ஓடி வரவில்லை. வேகமாக நடந்து வந்தார். என் கையை வால்விலிருந்து எடுத்துவிட்டார்.

"தண்ணியைத் தொடாதையுங்கோ அக்கா. ஆவியை மட்டும் பூட்டுங்கோ. மூடியை ஒருதரும் திறக்கிறேல்லை. எல்லாரும் வெளியிலை."

ஆவியைப் பூட்டினேன். எல்லோரும் வெளியே வந்து மாமரத்தடியில் நின்று, உள்ளே ஒவ்வொன்றாக வெடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். குளிர்நீரைத் திறந்திருந்தால் சூடான கண்ணாடி எல்லாம் ஒரே நேரத்தில் போயிருக்கும் என்று பிறகு விளக்கினார். நெருக்கடி நேரத்தில் கை முதலில் எதைத் தேடுகிறதோ அதைத் தொடாமல் ஒரு மூச்சு நிற்க வேண்டும் என்பதை அன்று பார்த்தேன். அவர் நின்றார். எனக்கு இன்னும் அது முழுதாக வரவில்லை.

மலரக்காவின் இடது புறங்கையில் ஒரு துண்டு கீறியிருந்தது. ஆழமில்லை. முதலுதவிப் பெட்டியை எடுத்து நான்தான் கட்டுப் போட்டேன். "வெட்டுச் சின்னன், உன்ரை கட்டுத்தான் பெரிசு" என்று சிரித்தார்.

பின்னேரம் முகாமையாளர் வந்தார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. தாள்களை மேசையில் பரப்பி, வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். கலன் வாங்கிய தாள்: பன்னிரண்டும் மீற்றர் சரி, சுவை சரி, இரண்டு கையெழுத்து. ஆகவே வாசலுக்கு வரும்வரை சாறு நல்லது. உள்ளே வந்த பிறகுதான் புளித்திருக்கிறது. உள்ளே எது புளிக்க வைக்கும்? சரியாகக் கழுவாத தாங்கி. தாங்கியைக் கழுவியது யார்?

அவருடைய யோசனையில் ஒரு பிழையும் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தத் தாளை நம்பினால் வேறு எந்த முடிவுக்கும் வர முடியாது. சும்மா ஒரு சரி போட்டால் ஒரு பிழையை மறைப்பதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சரி எழுந்து நடந்துபோய் இன்னொருவருக்கு முன்னால் நின்றது.

மலரக்காவைக் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "கழுவினனான் சேர். கழுவுற சோடாத் தண்ணியும் விட்டு, மூண்டு தரம் நல்ல தண்ணியும் விட்டனான்" என்றார். அவர் கழுவியதற்குத் தாளும் இல்லை, மீற்றரும் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தவரும் இல்லை. முகாமையாளர் மரியாதையாகத்தான் சொன்னார், நாளையிலிருந்து வர வேண்டாம், விசாரித்து முடிந்ததும் அறிவிப்போம் என்று. நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கு அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நான் அந்த அறையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தாய் பிள்ளைகளைப் பார்க்க வீடு வீடாக வரும் குடும்பநல மாது வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம், வேறு யாருக்கோ கேட்பது மாதிரி, ஆலையில் கருப்பநீரை வாயில் வைத்துத் துப்பினால் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். "துப்பிப்போட்டு வாயைக் கொப்பளிச்சால் என்ன? அதுக்கேன் பயப்பிடுறியள்" என்றார், கேள்வி முடிய முன்னரே. அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கடை குளிர்பானம் கருப்பணியோ?"

"ஓம் அம்மா."

"அதை ஏன் ஒளிச்சனீ? உது கள்ளில்லையே. சின்னனிலை நாங்கள் மாங்காய் வெட்டிப் போட்டுக் குடிச்சனாங்கள்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பதினாறு நாளாக என்னைத் தடுத்த இரண்டு சுவர்களும் ஆளுக்கு ஒரு வசனத்தில் விழுந்துவிட்டன. யாரிடமாவது ஒரு தரம் வாய் விட்டுக் கேட்டிருந்தால் போதும். மூன்றாம் நாளே கேட்டிருக்கலாம்.

அதோடு தெளிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கணக்கில்லாத காரணங்கள் வந்தன. என்னுடைய கலன்கள் உண்மையிலேயே நல்லவையாக இருந்திருக்கலாம், தாங்கி உண்மையிலேயே அழுக்காக இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றுக்கு ஏன் நான் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும்? சான்றிதழ் கிடைத்த பிறகு சொன்னால் என்ன? கணவர் வந்த பிறகு கேட்டுச் செய்தால் என்ன? தம்பியும் கையெழுத்து வைத்திருக்கிறாரே, நான் சொன்னால் அவரும் அல்லவா மாட்டுவார், அவருக்காகவாவது பேசாமல் இருக்கலாமே? கடைசிக் காரணம்தான் மோசமானது, ஏனென்றால் அது நல்ல குணம் மாதிரி வந்தது.

மறுநாள் காலையில் வாசலில் மலரக்கா நின்றார். உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கேற்றுக்கு வெளியே, மதிலோரமாக, சாப்பாட்டுப் பையோடு. யாராவது கூப்பிடக்கூடும் என்று வந்திருக்கிறார். என்னைக் கண்டு சிரித்தார். "பிள்ளைக்குச் சுகமோ?" என்று கேட்டார்.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேரே தம்பியிடம் போனேன். பதினாறு நாளும் வாயில் வைக்கவில்லை என்று சொன்னேன். மீற்றரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்தவில்லை. பிறகு சொன்னார்:

"நான் தராசைப் பாத்துக்கொண்டு உங்களுக்குக் கீழை கையெழுத்து வைச்சனான். அது என்ரை பிழை, அதை நான் சொல்லுவன். உங்கடையை நீங்கள் சொல்லுங்கோ. என்னட்டைச் சொல்லி என்ன செய்யிறது, அவ வெளியிலை நிக்கிறா."

ஒன்றை எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பரவாயில்லை அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை. இன்றைக்கு அதற்காக அவரை நன்றியோடு நினைக்கிறேன். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

முகாமையாளரின் அறையில் நின்றபடியே சொன்னேன். காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் நிறுத்தினேன். அவர் முந்தைய நாள் தாள்களை எடுத்துத் திரும்பப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

"அப்ப இந்தத் தாளிலை எதை நம்பிறது நான்?"

தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

அதற்கிடையில் வாசலில் கலன்கள் வரத் தொடங்கிவிட்டன. சாறு எங்கள் பிரச்சினை முடியும்வரை நிற்காது. முகாமையாளர் தம்பியைப் பார்த்தார், தம்பி என்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய கரண்டியை எடுத்தேன். தம்பி இந்தத் தரம் தராசுப் பக்கம் போகவில்லை. முகாமையாளரும் வந்து நின்றார்.

முதல் கலனை வாயில் வைத்தபோது வரிசையில் நின்ற ஒருவர், "இண்டைக்கு ஒப்பரேற்றர் உண்மையாய் வாயிலை வைக்கிறா" என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார். குரலைத் தாழ்த்தவும் இல்லை. அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது. தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான் மட்டும்தான்.

ஏழாவது கலன். மீற்றர் நல்ல இலக்கம் காட்டியது. வாயில் விட்டேன், பின்நாக்கில் நிறுத்தினேன். எரிவு. மூக்குக்குள் அந்த வாசம். துப்பினேன். சந்தேகம் வந்தது, வழக்கம்போல. இன்னொரு கரண்டி எடுத்தேன். அதே எரிவு. மூன்றாவது கரண்டி எடுக்கவில்லை.

"அண்ணை, இது வேண்டாம். புளிச்சிட்டுது."

கலனைக் கொண்டுவந்தவர் ஐம்பது வயதுக்காரர், மெலிந்த மனிதர். என்னோடு வாதாடவில்லை. குழம்பிப் போனவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"முட்டிக்குப் பூசச் சுண்ணாம்பு காணேல்லை பிள்ளை. கடையிலையும் முடிஞ்சு போச்சு. வரேக்கைதான் ஒருதரிட்டை வாங்கிக் கலனுக்கை போட்டனான். நேற்றும் இப்பிடித்தான் கொண்டந்தனான். நீங்கள் எடுத்தனீங்கள். ஒப்பரேற்றர் எடுத்தால் சரியாக்கும் எண்டு நினைச்சன்."

முகாமையாளர் திரும்பிக் கேற்றுக்கு நடந்தார். மதிலோரம் நின்ற மலரக்காவிடம் அவரே போய்க் கதைத்தார். மன்னிப்புக் கேட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கலன்களோடு நின்றேன், இன்னும் ஐந்து இருந்தன.

என்னுடைய அந்தக் கட்டம் அந்த மாதம் நிரம்பவில்லை. ஆலையில் அந்த மூன்று மாதத்தையும் திரும்பச் செய்யச் சொன்னார்கள். என்னோடு படித்தவர்கள் சான்றிதழ் வாங்கும் படத்தைப் போனில் அனுப்பியபோது, நான் வாசலில் துப்பிக்கொண்டிருந்தேன். தம்பிக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது. இரண்டு வருடம் கழித்து அவர் வேறு ஆலைக்குப் பொறுப்பாளராகப் போனார். போக முன்னர் தாளில் ஒரு மாற்றம் செய்துவிட்டுப் போனார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மலரக்காவிடம் நான் போய்ச் சொல்ல இன்னும் இரண்டு நாள் எடுத்தது. என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் தாங்கிக்குள் இறங்கி நின்று கழுவிக்கொண்டிருந்தார். மேலிருந்து, வட்டத் திறப்பால் குனிந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே கழுவினார். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம், அடுத்த நாள் போய்ச் சொன்னனி. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த அறையிலை எனக்குப் பக்கத்திலைதானே நிண்டனி."

பிறகு தண்ணீர்க் குழாயை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது உங்களுக்கு. திங்கட்கிழமை கரண்டி உங்கள் கைக்கு வரும். வாயில் வைக்க முடியாத காரணம் யாருக்கும் இருக்கலாம். விரதம், பிள்ளை, உடம்பு வருத்தம், வெறும் அருவருப்பு. எந்தக் காரணமானாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வேறொருவர் வைத்துப் பார்ப்பார். தம்பி செய்த மாற்றம் அதுதான். சுவைக் கட்டத்தில் சரி, பிழை என்ற இரண்டோடு 'பார்க்கவில்லை' என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதற்காக இந்த ஆலையில் யாரும் யாரையும் ஏசுவதில்லை. நுரையைக் கண்டு சந்தேகமாக இருந்தால் மூன்றாந்தரம் அல்ல, பத்தாந்தரமும் வந்து என்னிடம் சொல்லுங்கள். நான் பகிடி பண்ணமாட்டேன். பண்ணினால் எனக்கு இந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் முதல் நாளே பார்ப்பீர்கள், என்னவென்று யோசிப்பீர்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். தாங்கி கழுவி முடிந்ததும் மலரக்கா என்னைக் கூப்பிடுவார். நான் எந்த வேலையில் நின்றாலும் போவேன். ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டு, லைற் அடித்து, நாலு பக்கமும் பார்ப்பேன். கழுவும் வேலைக்கு இப்போது ஒரு தாள் இருக்கிறது, அதில் பார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு இடமும் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும், அவர் கழுவிய தாங்கியில் ஒரு குறையும் இருக்காது. அவருக்கும் அது தெரியும். நான்கு வருடமாக அந்த ஒரு நாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைக்கிறோம். என் மகளுக்குச் சட்டை தைத்துத் தந்திருக்கிறார்.

ஆனாலும் நான் இறங்கி வந்து, பேனையை எடுத்து, என் பெயரை எழுதி முடிக்கும்வரை, தும்புத்தடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்பார்.